இருபத்தைந்து டிகிரியும் ஒரு மிளகு வாசமும்

மலேசியாவின் பூச்சோங்கில் வெப்பமானி 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்தில்தான். பெருமழை கொட்டித் தீர்த்தால் மாலையிலும் கொஞ்சம் இறங்கும். மற்ற நேரமெல்லாம் அதற்கு மேல்தான். பிற்பகலில் 32, 33. இந்த 25 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து 6,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஒரு திராட்சைக் குலையின் தோலில் மிளகு வாசம் எவ்வளவு ஏறும் என்பதை அந்த எண் பெருமளவு தீர்மானிக்கிறது.

அந்தத் திராட்சையின் பெயர் ஷிராஸ். பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று நெடுங்காலம் கதை சொன்னார்கள். 1998இல் மரபணுச் சோதனை அந்தக் கதையை முடித்து வைத்தது. மோந்தெஸ் பிளான்ஷ், துயுரேசா என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களின் இயற்கையான கலப்பில் பிறந்த பிள்ளை அது. பிரான்சில் அதற்கு சிரா என்று பெயர். 1830களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றித் திரட்டிய கொடித் துண்டுகளோடு அது சிட்னிக்குக் கப்பலேறியது. பிறகு தெற்கே பரவியது. மெல்பர்னுக்கு மேற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி கிரேட் வெஸ்டர்ன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. தங்கம் தேடி வந்தவர்கள் குடியேறிய பகுதி. அங்கே ஹென்றி பெஸ்ட் என்பவர் 1866இல் நிலம் வாங்கி, 1868இல் திராட்சை நட்டார். அவர் நட்ட ஷிராஸ் கொடிகளில் ஒரு பகுதி இன்றும் காய்க்கிறது. 1920 முதல் அந்தத் தோட்டம் தாம்சன் குடும்பத்தின் கையில் இருக்கிறது. அந்தக் கொடிகளின் பழத்திலிருந்து வரும் ஒயின் உலகின் பெயர் பெற்ற குளிர்நில ஷிராஸ்களில் ஒன்று.

இந்த வகை ஒயினை முகர்ந்தவர்கள் முதலில் சொல்லும் சொல் மிளகு. ‘அப்போதுதான் இடித்த கருமிளகு’ என்பார்கள். வெப்பமான பள்ளத்தாக்கில் விளைந்த அதே ரகத்தில் அந்த வாசம் வருவதில்லை. அங்கே பழுத்த நாவல், உலர்ந்த பழம், சாக்லேட் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒரே கொடி, ஒரே மரபணு. இரண்டு இடத்தில் இரண்டு வாசம். மிளகு என்பது சுவைப்பவர்களின் கற்பனையா, உவமையா, அல்லது உண்மையிலேயே அந்தக் கோப்பைக்குள் மிளகின் வேதிப்பொருள் இருக்கிறதா? 21ஆம் நூற்றாண்டு பிறக்கும் வரை இதற்கு விடை இல்லை.

விடையைத் தேடியவர்கள் அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தினர். ஒயினில் நூற்றுக்கணக்கான ஆவியாகும் பொருள்கள் உண்டு. அவற்றைப் பிரிக்க வாயு நிறப்பகுப்புக் கருவி என்றொன்று இருக்கிறது. நீண்ட, மெல்லிய குழாய் ஒன்றின் வழியே கலவையை ஆவியாகச் செலுத்துவார்கள். ஒவ்வொரு பொருளும் தன் தன்மைக்கு ஏற்ப வேறு வேறு நேரத்தில் மறுமுனையில் வெளிவரும். கணினித் திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு எழும். பெரிய முகடு என்றால் அதிக அளவு. இந்த முறையில் முதலில் அகப்பட்டது ஆல்ஃபா ஐலாஞ்சீன் என்ற பொருள். 2007இல் முடிவு வெளியானது. மிளகு வாசம் உள்ள திராட்சைகளில் அது கூடுதலாக இருந்தது. ஆனால் அதைத் தனியே முகர்ந்தால் மிளகு வாசம் இல்லை. அது குற்றவாளியோடு கூடவே நடமாடும் ஆள். குற்றவாளி வேறு ஆள்.

அதன் பிறகு அவர்கள் நம்பியது மூக்கை. குழாயின் மறுமுனையைப் பிரித்து, ஒரு கிளையைக் கருவிக்கும் இன்னொரு கிளையை மனித மூக்குக்கும் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆராய்ச்சியாளர் ஒரு கண்ணாடிப் புனலில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசம் வரும் நொடியைக் குறிப்பார். மிகப் பிந்தி, கனமான மூலக்கூறுகள் வெளிவரும் நேரத்தில், திடீரென்று மிளகு வாசம் அடித்தது. அதே நொடியில் திரையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு முகடும் இல்லை. கருவிக்குத் தெரியாத ஒன்று மூக்குக்குத் தெரிந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் நிறைந்த அறையில், ஒரு மனிதருடைய மூக்குதான் ‘இங்கே தேடு’ என்று சரியான இடத்தைக் காட்டியது.

கிளாடியா வுட், டிரேசி சீபர்ட், ஆலன் போல்னிட்ஸ், மார்க்கஸ் ஹெர்டரிக் ஆகியோர் அடங்கிய குழு 2008இல் அந்தப் பொருளின் பெயரை வெளியிட்டது: ரொட்டண்டோன். அதே பொருள் கருமிளகிலும் வெண்மிளகிலும் இருப்பதையும், மிளகின் வாசத்துக்கே அதுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று என்பதையும் அவர்களே காட்டினார்கள். மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மிளகைக் கப்பலேற்றி விற்றிருக்கிறான். அதற்காகப் போர் நடத்தியிருக்கிறான். மிளகுக்கு மிளகு வாசம் தரும் பொருளை அவன் அடையாளம் கண்டது ஒரு திராட்சை ஆராய்ச்சியின் வழியாக, இந்த நூற்றாண்டில்.

இங்கே காரத்தையும் வாசத்தையும் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது. டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1819லேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார். பைப்பரின் எளிதில் ஆவியாகாது. ஆகவே மூக்குக்கு எட்டாது, நாக்கில்தான் உறைக்கும். வாசம் தருபவை ஆவியாகி ஓடுபவை. மிளகுத்தூளை வாங்கி மாதக்கணக்கில் டப்பாவில் வைத்தால் காரம் இருக்கும், வாசம் போய்விடும் என்பது பாட்டிமார் அறிந்த செய்தி. அதற்கான வேதியியல் இதுதான்.

இவ்வளவு முக்கியமான பொருள் ஏன் இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை? அளவுதான் காரணம். ஒரு லிட்டர் தண்ணீரில் 8 நானோகிராம் ரொட்டண்டோன் இருந்தால் போதும், மூக்கு கண்டுகொள்ளும்; சிவப்பு ஒயினில் 16 நானோகிராம். ஒலிம்பிக் நீச்சல்குளம் ஒன்று 25 இலட்சம் லிட்டர் கொள்ளும். அந்தக் குளம் முழுக்க ஒயினை நிரப்பினாலும், மிளகு வாசம் வர 40 மில்லிகிராம் ரொட்டண்டோன் போதும். ஒரே ஒரு மிளகு மணியின் எடை ஏறக்குறைய 50 மில்லிகிராம். மிளகிலோ இது தாராளமாக இருக்கிறது: ஒரு கிலோ மிளகில் 2 மில்லிகிராம் அளவுக்கு இருக்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் மிளகில் உள்ள ரொட்டண்டோன் 125 லிட்டர் ஒயினில் மிளகு வாசத்தைக் காட்டப் போதுமானது. திராட்சைக் கொடி எவ்வளவோ அரும்பாடுபட்டு ஒரு துளியின் துளியாகச் செய்வதை, சரவாக்கில் ஏதோ ஒரு மலைச்சரிவில் கம்பத்தைச் சுற்றிப் படரும் மிளகுக் கொடி இயல்பாகச் செய்துவிடுகிறது.

குடியைப் பற்றி ஒரு சொல். தோட்டப்புறங்களில் கள்ளும், பின்னாளில் மலிவுச் சம்சுவும் நம் குடும்பங்களை என்ன பாடு படுத்தின என்பதை மலேசியத் தமிழர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த அத்தியாயத்தைப் புரிந்துகொள்ள ஒரு சொட்டு ஒயினும் தேவையில்லை. இதில் வரும் அறிவியல் முழுவதையும் அஞ்சறைப்பெட்டியிலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

கால்வாய் ஓரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரொட்டண்டோனை உலகம் முதன்முதலில் பார்த்தது திராட்சையிலும் அல்ல, மிளகிலும் அல்ல. 1967இல் அது பிரித்தெடுக்கப்பட்டது கோரைக்கிழங்கிலிருந்து. முத்தக்காசு என்றும் சொல்வோமே, அதே கோரை. அதன் அறிவியல் பெயரிலிருந்துதான் ரொட்டண்டோனுக்கும் பெயர் வந்தது. பிரித்தவர்கள் கட்டமைப்பை எழுதி வைத்தார்கள். அதற்கு மிளகு வாசம் உண்டு என்பதை யாரும் கவனிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் அது நூலகத்தில் கிடந்தது.

ரப்பர் தோட்டமாகவும் ஈயச் சுரங்கமாகவும் இருந்து வீடமைப்புப் பகுதியாக மாறிய பூச்சோங்கில், மண் கிளறப்பட்ட இடங்களிலெல்லாம் கோரை முளைக்கும். புல் போலத் தோன்றும், ஆனால் தண்டு முக்கோணம். விரலில் உருட்டினால் மூன்று விளிம்பும் தெரியும். வேரோடு பிடுங்குவது கடினம். ஈர மண்ணில் மெல்லத் தோண்டினால், கறுத்த நார் போன்ற வேர்த்தண்டுகளில் கோத்தபடி கிழங்குகள் வரும். நிலக்கடலைப் பருப்பு அளவுதான். வெளியே கரும்பழுப்பு, உடம்பெல்லாம் சல்லிவேர். நகத்தால் கீறினால் உள்ளே வெளிர்நிறம். முகர்ந்தால் முதலில் மண்ணும் கற்பூரமும் கலந்தது போல ஒரு வாசம், அதன் பின்னால் உலர்ந்த மரத்தின் வாசம், அதற்கும் பின்னால் மெலிதாக ஓர் உறைப்பு. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானாவிலும் நாட்டு மருந்துக் கடைகளில் இதைக் காய வைத்து விற்கிறார்கள். பிள்ளைகளுக்கு அரைக்கும் குளியல் பொடியில், கஸ்தூரி மஞ்சளோடும் பூலாங்கிழங்கோடும் சேர்வது இதுதான்.

மிளகு, கோரை, திராட்சை மூன்றும் உறவினர்கள் அல்ல. பூக்கும் தாவரங்களின் குடும்ப மரத்தில் இவற்றின் கிளைகள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்தவை. ஆனாலும் மூன்றின் சமையலறையிலும் ஒரே மூலப்பொருள் இருக்கிறது. பதினைந்து கரியணுக்கள் கொண்ட செஸ்குவிடெர்ப்பீன் என்ற பெருங்கூட்டத்தைத் தாவரங்கள் எல்லாமே ஏதோ ஒரு வடிவில் தயாரிக்கின்றன. அதில் ஒன்று ஆல்ஃபா குவையீன். ஐந்து பக்க வளையமும் ஏழு பக்க வளையமும் ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு. அதன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இரண்டு ஹைட்ரஜன் விலகி, ஓர் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்தால் அது ரொட்டண்டோன். திராட்சையில் இந்த மாற்றத்தைச் செய்யும் நொதியை 2016இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். நொதியே இல்லாமல் வெறும் காற்றுப் பட்டாலும் குவையீனில் ஒரு சிறு பங்கு ரொட்டண்டோனாக மாறிவிடும் என்பதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது.

இனி அந்த 25 டிகிரிக்கு வருவோம்.

கிரேட் வெஸ்டர்னுக்குப் பக்கத்திலேயே, அதே கிராம்பியன்ஸ் வட்டாரத்தில், மவுண்ட் லாங்கி கிரான் என்ற தோட்டம் இருக்கிறது. மிளகு வாசத்துக்குப் பெயர் போன ஷிராஸ் அங்கே விளைகிறது. ஆறு ஹெக்டேரைச் சற்றுத் தாண்டும் ஒரு பாத்தியில், இடம் இடமாகப் பழம் பறித்து ரொட்டண்டோனை அளந்து வரைபடம் போட்டார்கள். ஒரே தோட்டம், ஒரே ரகம், ஒரே பராமரிப்பு. இருந்தும் இடத்துக்கு இடம் அளவு பல மடங்கு மாறியது. அந்த மாற்றம் தாறுமாறாக இல்லை. சரிவின் திசையையும் மண்ணின் தன்மையையும் ஒட்டியே திட்டுத் திட்டாக அமைந்திருந்தது. தென்கோளத்தில் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து போகும். ஆகவே தெற்கு நோக்கிய சரிவு நிழலும் குளிர்ச்சியுமாக இருக்கும். மிளகு வாசம் அங்கே கூடுதல்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தினர் இன்னும் நெருங்கிப் போய்க் குலையையே ஆராய்ந்தார்கள். காற்றின் வெப்பத்தோடு நில்லாமல் குலையின் மேற்பரப்பு வெப்பத்தை அளந்தார்கள். பழம் நிறம் மாறத் தொடங்கியதிலிருந்து அறுவடை வரை, குலை 25 டிகிரிக்கு மேல் எத்தனை மணி நேரம் இருந்தது என்று கூட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டுத்தொகை ஏற ஏற ரொட்டண்டோன் இறங்கியது. ஒரே குலையில்கூட வெயில் பட்ட பக்கத்தைவிட நிழல் பட்ட பக்கத்தில் அதிகம். குளிர்ச்சியும் ஈரமுமான ஆண்டுகளில் அதிகம். வறண்டு காய்ந்த ஆண்டுகளில் குறைவு. இலையைக் கிள்ளிக் குலைக்கு வெயில் காட்டினால் நிறம் கூடும், மிளகு வாசம் குறையும்.

பழத்தில் ரொட்டண்டோன் சேர்வது தோலில் மட்டும். சதையிலும் விதையிலும் தேடிப் பயனில்லை. அதனால்தான் தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கும் சிவப்பு ஒயினில் அது வெளிப்படுகிறது. அப்போதும் தோலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவே ஒயினுக்குள் இறங்குகிறது. அது தண்ணீரை விரும்பாத பொருள்; புளித்து ஆல்கஹால் உருவான பிறகுதான் கரைந்து வரும்.

இந்த இடத்தில் பூச்சோங்கை நினைத்துப் பாருங்கள். இங்கே ஒரு ஷிராஸ் கொடியை நட்டால் என்ன ஆகும்? குலை ஒரு நாளில் ஏறக்குறைய இருபது மணி நேரம் 25 டிகிரிக்கு மேல் கிடக்கும். கொடி வளரும், காய்க்கவும் காய்க்கும். மிளகு வாசத்தை எதிர்பார்க்க வழியில்லை. அதே வெக்கையில் மிளகுக் கொடி அதே மூலக்கூறை அள்ளிக் கொடுக்கிறது. ஒரே பொருளைச் செய்யும் இரண்டு தாவரங்கள், வெப்பத்துக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்கின்றன. ‘வெயில்தான் வாசத்தைக் கொடுக்கிறது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் செடிக்கு, எந்த வாசம் என்று கேட்காமல் அதற்குப் பொருளே கிடையாது.

வெப்பநாட்டுத் திராட்சைக்கு வாசமே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. கவாத்து செய்வதை முறை வைத்து மாற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் பறிக்கிறார்கள். அதன் வாசம் ஜெரானியால், லினலூல் முதலிய சிறிய டெர்ப்பீன்களால் வருவது. ரோஜாப் பூவிலும் இருப்பவை அவை. அந்த வாசம் பந்தலின் கீழே, கம்பத்து வெயிலிலும் நிற்கிறது.

சரி, முதிய கொடி? 150 ஆண்டுக் கொடியின் பழத்துக்கு அப்படி என்ன சிறப்பு? விற்பனையாளர்கள் சொல்லும் கதை நமக்குத் தெரியும்: கிழட்டுக் கொடி குறைவாகக் காய்க்கும், அதனால் சத்து செறியும். இதை நம்பிவிடாமல் அளந்து பார்த்தவர்கள் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள முதிய, இளைய ஷிராஸ் கொடிகளை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. முதிய கொடிகளின் அடிமரம் பருத்திருந்தது; சேமிப்பு கூடுதலாக இருந்தது. விளைச்சல் குறையவில்லை; பெரும்பாலும் கூடியே இருந்தது. ஆகவே குறைந்த விளைச்சல் என்பது வயதின் விதி அல்ல.

மரபணுவிலும் ரகசியம் இல்லை. திராட்சையை விதையிலிருந்து வளர்ப்பதில்லை, துண்டு வெட்டி நடுகிறார்கள். 1868இன் கொடியிலிருந்து வெட்டி நேற்று நட்ட துண்டும் ஏறக்குறைய அதே மரபணுதான். வேறுபடுவது உடம்பு. ஆழத்துக்கு இறங்கிய வேர், மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் அடிமரம். மழை பொய்த்த ஆண்டில் இளங்கொடி வாடும். முதிய கொடி நிதானமாக நிற்கும். இலை வாடாவிட்டால் குலைக்கு நிழல் நிற்கும். மிளகு வாசத்துக்கு நிழல் எவ்வளவு தேவை என்று மேலே பார்த்தோம். வயதுக்கும் வாசத்துக்கும் தொடர்பு இருந்தால் அது இந்த வழியாகத்தான் இருக்க முடியும் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கொடி 150 ஆண்டு பிழைக்கும்? நல்ல இடத்தில் நடப்பட்டது. மோசமான மண்ணில் நட்டவற்றை எப்போதோ பிடுங்கி எறிந்திருப்பார்கள். இன்று நாம் காணும் முதிய கொடிகள் எல்லாம் தேர்வில் தேறி நிற்பவை. அவற்றின் பழம் நன்றாக இருப்பதைப் பார்த்து ‘வயதால் வந்தது’ என்கிறோம். அதில் பெரும்பங்கு இடத்துக்கே சேர வேண்டும். முதியோர் இல்லத்தில் எல்லாரும் திடமாக இருப்பதைப் பார்த்து, முதுமை உடலுக்கு நல்லது என்று முடிவு கட்டுவது எப்படியோ, இதுவும் அப்படி.

இடம் மட்டும் போதவில்லை, நல்லூழும் வேண்டியிருந்தது. வேரை உறிஞ்சும் ஃபிலாக்சரா என்ற நுண்பூச்சி 1860களில் தொடங்கி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. 1877இல் அது விக்டோரியாவின் ஜீலாங்குக்கு வந்து சேர்ந்தது. அங்கே தோட்டம் தோட்டமாகக் கொடிகளைப் பிடுங்கினார்கள். கிரேட் வெஸ்டர்ன் தப்பியது. ஐரோப்பாவில் இன்றுள்ள கொடிகள் பெரும்பாலும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டியவை. இந்தக் கொடிகளோ சொந்த வேரில் நிற்கின்றன. ஹென்றி பெஸ்ட் ஷிராஸ் மட்டும் நடவில்லை. கிடைத்த ரகங்களையெல்லாம் ஒரு பாத்தியில் நட்டு வைத்தார். அதில் சிலவற்றுக்கு இன்னும் பெயர் கண்டுபிடிக்க முடியவில்லை. முதிய கொடிகளைக் காக்க வேண்டியதன் வலுவான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். புட்டியின் விலையைவிட, வேறெங்கும் அழிந்துபோயிருக்கக்கூடிய ரகங்கள் அங்கே உயிரோடு நிற்பது பெரிய செல்வம். பூமி சூடாகிக்கொண்டிருக்கிறது. 25 டிகிரியைத் தாண்டும் மணி நேரங்கள் கிராம்பியன்ஸிலும் கூடும்போது முதலில் மெலியப்போகும் வாசங்களில் மிளகும் ஒன்று. அப்போது புதிய ரகங்களைத் தேட வேண்டியிருந்தால், இத்தகைய பழைய பாத்திகளில்தான் தேட வேண்டும்.

கடைசியாக, மூக்கைப் பற்றி. 2008இன் சோதனையில் பங்கேற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் தெரியவே இல்லை. தண்ணீரில் லிட்டருக்கு 4,000 நானோகிராம் வரை, மற்றவர்கள் கண்டுகொண்ட அளவைப் போல 500 மடங்கு ஏற்றிப் பார்த்தும் ‘வெறும் தண்ணீர்’ என்றார்கள். சளியோ கவனக்குறைவோ காரணமில்லை. அந்த ஒரு மூலக்கூறுக்கு மட்டும் அவர்கள் மூக்கு பதில் சொல்வதில்லை. மிளகில் பைனீன், லிமோனீன், காரியோஃபில்லீன் போன்ற வேறு வாசப் பொருள்களும் இருப்பதால் அவர்களுக்கும் மிளகு மணக்கத்தான் செய்கிறது. ஆனால் நாலு பேர் அறியும் மிளகும் அந்த ஐந்தாமவர் அறியும் மிளகும் ஒன்றல்ல.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். மிளகைத் தூளாக வாங்காதீர்கள். சரவாக் மிளகு முழு மணியாகவே எங்கும் கிடைக்கிறது. இரசம் இறக்கும் நேரத்தில் இடியுங்கள். இடித்த உடனே, உரலை வீட்டில் உள்ள எல்லாரிடமும் கொடுத்து, என்ன வாசம் வருகிறது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்களுக்குப் பொருந்தாமல் போனால் திருத்த வேண்டாம்.